தூக்கத்துக்குக் கயிறு பிடித்த மச்சினன்

1

எங்கள் கப்பல் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நாசரேத்துக்காரர் ஒருவர் போன வாரம் என் மேசைக்கு வந்து, கொழும்பில் தூக்கத்துக்கு நல்ல மருந்து எங்கே கிடைக்கும் என்று ரகசியமாகக் கேட்டார். கண்கள் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. இரவில் தூக்கம் இல்லை, பகலில் முழிப்பு இல்லை, சோறு இறங்கவில்லை, ஒன்றிலும் மனசு ஒட்டவில்லை என்றார். ஊரில் தாயார் மந்திரித்த எண்ணெய் அனுப்பியிருக்கிறாராம். கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டில் இதெல்லாம் உண்டா என்று நான் கேட்கவில்லை. தூக்கம் வராதவனுக்கு எந்த எண்ணெயும் சம்மதம்தான்.

கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டேன். ஆகிவிட்டது என்றார். சம்சாரத்துக்குத் தம்பி உண்டா என்றேன். இரண்டு பேர் உண்டு என்றார். அப்படியானால் கவலையை விடும், ஒருத்தனை உடனே வரவழையும் என்றேன். மனுஷன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாசரேத்து நம் ஜில்லாதான் என்றாலும் உள்நாடு. சங்கு குளிக்கிற வழக்கமெல்லாம் அங்கே யாருக்குத் தெரியும்? தூத்துக்குடியில் குளியாளி கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும்போது, மேலே வள்ளத்தில் அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவன் அவனுடைய மச்சினனாகத்தான் இருப்பான். உடன்பிறந்த அண்ணன் தம்பியை அந்த இடத்தில் வைக்க மாட்டார்கள். அண்ணன் தம்பிக்குள் சொத்து உண்டு, பங்கு உண்டு. சம்சாரத்தின் தம்பிக்கோ ஒரே கவலைதான், அக்காள் தாலி. கயிறு லேசாக அசைந்தால் போதும், ஏன் எதற்கு என்று யோசிக்காமல் இழுத்து மேலே போட்டுவிடுவான்.

முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ வருஷமாயிற்று. சங்குக்கு இன்னும் இந்த வழக்கம் இருக்கிறது. ஆபீசு மேசைக்கு அது எப்படி வந்து சேர்ந்தது என்பதைத்தான் ஊரிலிருக்கும் உங்களுக்கு எழுதப் போகிறேன்.

2

நான் கொழும்புக்கு வந்தது சண்டைக் காலத்தில். விளக்கைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு, எந்த நேரம் அபாயச் சங்கு ஊதும், எந்த நேரம் குண்டு விழும் என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்தபோது நான் குறட்டை விட்டுத் தூங்கினேன். சண்டை முடிந்தது. எல்லாரும் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று.

காரணம் என்ன என்று கேட்காதவர் இல்லை. கடன் உண்டா, கம்பெனியில் தொந்தரவா, சம்சாரத்தோடு மனஸ்தாபமா என்று முறை வைத்து விசாரித்தார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்டது. காரணம் இருந்தால் அதோடு சண்டை போடலாம். காலையில் எழுந்து உட்கார்ந்தால், சட்டையில் இத்தனை பொத்தான் போட வேண்டுமே என்று அழுகை வந்தால் யாரோடு சண்டை போடுவது?

தூத்துக்குடியில் நான் சரக்குக் கணக்குப் பார்த்தவன். அங்கே கப்பல் கரைக்கு வராது என்று உங்களுக்குத் தெரியும். தூரக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், நாம்தான் படகில் அதைத் தேடிப் போக வேண்டும். ஆடுகிற ஏணியில் தொற்றி ஏறி, மூட்டையை எண்ணி, இறங்கி, வெயிலில் காய்ந்து வீடு வந்து சேர்ந்தால், என் சம்சாரம் ரோசம்மா சோறு போட்டுவிட்டுக் குழம்பு எடுக்கப் போவதற்குள் கண் சொருகிவிடும். கொழும்பில் அதே கப்பல் காகிதமாக என் மேசைக்கு வந்துவிடுகிறது. காலையில் ஏறி உட்கார்ந்த உயரமான முக்காலியிலிருந்து சாயங்காலம் இறங்கினால் சரி. வரப் போக டிராம். இதைத்தான் முன்னேற்றம் என்று ஊருக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஒரு வாரம் நேர்மாறாகவும் இருந்தது. தூக்கமே இல்லை, ஆனால் களைப்பும் இல்லை. ஆபீசு முழுவதிலுமுள்ள பழைய காகிதக் கட்டுகளை இறக்கி, கப்பலின் பெயர்ப்படி இருந்தவற்றைக் கப்பலின் நிறப்படி அடுக்கினேன். கொழும்பில் நம் ஊர் மக்ரூன் மிட்டாய்க்கு ஒரு கடை போடுவதென்று தீர்மானித்து, டிராமில் பக்கத்தில் இருந்த புத்த பிக்குவைக் கூட்டுக்கு அழைத்தேன். அவர் புன்சிரிப்போடு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். அந்த வாரம் முடிந்ததும் நான் விழுந்த பள்ளம் முன்னதைவிட ஆழம். அந்தக் கட்டுகளில் இன்றைக்கும் ஒரு காகிதம் தேடினால் கிடைக்காது.

3

இங்கிலீஷ்காரர்கள் தினமும் காலையில் நம்மைப் பார்த்து எப்படி இருக்கிறாய் என்று கேட்பார்கள். அது கேள்வி அல்ல என்பதை நான் வந்த புதிதிலேயே கற்றுக்கொண்டிருந்தேன். ரொம்ப நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். பல வருஷம் தவறாமல் அப்படித்தான் சொல்லி வந்தேன். ஒருநாள் எங்கள் துரை வழக்கம்போலக் கேட்டபோது நான் பதில் சொல்லிவிட்டேன். தூக்கத்தில் ஆரம்பித்துச் சட்டைப் பொத்தான் வரைக்கும் சொன்னேன். மனுஷன் தொப்பியைக் கழற்றவும் தோன்றாமல், போடவும் தோன்றாமல், கையில் வைத்துக்கொண்டு கேட்டார். மறுநாள் என்னைக் கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார்கள். தேறாவிட்டால் வேலைக்கு லாயக்கில்லை என்று ஊருக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று தலைமைக் குமாஸ்தா மெதுவாகச் சொல்லிவைத்தார்.

டாக்டர் பறங்கிக்காரர், நல்ல மனுஷர். நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி, கசப்பாக ஒரு மருந்து கொடுத்து, ஓய்வு எடுக்கச் சொன்னார். ஓய்வு என்ற வார்த்தையை என்னைப் போலக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட நோயாளி அவருக்கு வாய்த்திருக்க மாட்டான். ஆபீசிலிருந்து வந்ததும் படுத்தேன். சாப்பிட்டுப் படுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போகாமல் படுத்தேன். இப்படிப் பகலெல்லாம் கட்டிலில் கிடந்தால் ராத்திரிக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? அது வராததால் இன்னும் கொஞ்சம் படுத்தேன்.

எங்கள் மகள் பிலோமினா கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அவள் தமிழில் ஏற்கெனவே பாதி இங்கிலீஷ், கால்வாசி சிங்களம். வீட்டில் நோயாளி உள்ள பிள்ளைகள் கையைத் தூக்குங்கள் என்று மதர் கேட்டபோது தூக்கியிருக்கிறாள். எந்த வேண்டுதலில் தகப்பனைச் சேர்ப்பது என்பதில் அவளுக்குக் குழப்பம் வந்து, வகுப்பு முழுவதும் ஒரு மாதமாக எனக்கு நல்ல மரணம் கிடைக்க வேண்டுமென்று ஜெபித்திருக்கிறது. தெரிந்தபோது நான் கோபப்படக்கூட இல்லை. பிள்ளைகள் சிரமப்படுகிறார்களே என்றுதான் நினைத்தேன். ரோசம்மாவுக்கு அதைக் கேட்டுத்தான் பயம் முற்றிவிட்டது. ஊருக்குத் திரும்புகிற தோணிக்காரர்களிடம் தம்பிக்குச் சொல்லியனுப்பினாள்.

4

என் மச்சினன் சந்தியாகு, சங்குக் குளிப்பு முடிந்து, காற்றுக்காகத் தோணிகள் ஓடாமல் நிற்கிற பருவத்துக்கு முன்பு கடைசியாகப் புறப்பட்ட தோணியில் வெங்காய மூட்டைகளோடு வந்து இறங்கினான். வந்த காரியம் என்ன என்று துறைமுகத்தில் அதிகாரி கேட்டதற்கு, மச்சானுக்குக் கயிறு பிடிக்க வந்திருக்கிறேன் என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறான். மொழிபெயர்க்க நின்ற ஆள் கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, இவர் கயிறு வியாபாரி என்று சுருக்கமாக முடித்துவிட்டார். சரக்கு எங்கே என்று கேட்டார்கள். சந்தியாகு தன் மூட்டையிலிருந்து ஒரே ஒரு கயிற்றை எடுத்துக் கொடுத்தான். அது அவனுடைய தொழில் கயிறு. ஊரில் விட்டுவிட்டு வந்தால் யாராவது கிணற்றுக்குக் கட்டிவிடுவார்கள் என்று கொண்டு வந்திருந்தான். அதை அளந்தார்கள், நிறுத்தார்கள், பெரிய ஆபீசுக்கு மாதிரி அனுப்ப வேண்டுமென்று ஒரு சாண் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒரு சாணுக்காக இலங்கையை அவன் கடைசி வரைக்கும் மன்னிக்கவில்லை.

சந்தியாகு வைத்தியன் அல்ல. என் நோய்க்கு அவன் கண்டுபிடித்த காரணங்கள் டப்பாப் பாலில் போட்ட தேயிலைத் தண்ணீர், தேங்காய்ப்பால், தரையில் கால் படாமல் முக்காலியில் உட்காருவது. மூன்றும் தப்பு என்று டாக்டர் சொன்னார். சந்தியாகு கேட்கவில்லை. ஆனால் அவனால் ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. விடியும் முன்பே எழுந்துவிடுவான். புறக்கோட்டை மீன் கடைக்குப் போக வேண்டும், அவனுக்குச் சிங்களம் தெரியாது, ஆகையால் நான் கூட வர வேண்டும். முதல் நாள் என்னால் முடியாது என்றேன். அவன் வாதம் செய்யவில்லை. குழந்தையை எழுப்புகிற மாதிரி இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தி, சட்டைப் பொத்தானை அவனே போட்டுவிட்டான். ஒரு பொத்தான் மாறித்தான் போட்டான்.

எங்கள் வீடு இருக்கிற கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு டிராமில் போகலாம் என்றால் அவனுக்கு டிராம் பிடிக்காது. நடைதான். போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொரு மீனாகப் புரட்டிப் பார்த்து, இதெல்லாம் எங்கள் ஊரில் நாய்க்குப் போடுகிற மீன் என்று தமிழில் உரக்கச் சொல்வான். அதைச் சிங்களத்தில் சொல்லும் என்பான். நான், ஐயா உங்கள் மீனைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார் என்று சொல்வேன். கடைக்காரர் சந்தோஷமாக நல்ல மீனாக எடுத்துக் கொடுப்பார். பார்த்தீரா, நாலு வார்த்தை கண்டிப்பாகப் பேசினால்தான் நடக்கும் என்று சந்தியாகு சொல்லிக்கொண்டு வருவான். பல வாரம் இப்படியே நடந்தது. கடைசியில் தெரிந்தது, அந்தக் கடைக்காரர் நீர்கொழும்புக்காரர், வீட்டிலே தமிழ்தான். எங்கள் இரண்டு பேர் பேச்சையும் கேட்பதற்காகவே விலையைக் குறைத்துக் கொடுத்து வந்திருக்கிறார்.

ராத்திரிதான் பெரிய கூத்து. நான் எழுந்து போனால் தெரிய வேண்டும் என்பது அவன் அக்காள் உத்தரவு. படுத்தால் இடி விழுந்தாலும் எழாதவன் எப்படிக் காவல் இருப்பது? தொழில் கயிற்றின் ஒரு நுனியை என் கணுக்காலில் கட்டி, மறுநுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்தான். காதால் எழாதவன் கையால் எழுவான் என்பது எனக்கு அப்போது தெரியாது. தூக்கம் வராமல் நான் வழக்கம்போல ஒரு புரள் புரண்டேன். அடுத்த நிமிஷம் தரையில் கிடந்தேன். தூக்கத்திலேயே இழுத்திருக்கிறான். மேலே வந்த குளியாளிக்குச் செய்வது போல என் முதுகில் நாலு தட்டுத் தட்டிவிட்டு, கண்ணைத் திறக்காமலே மறுபடியும் படுத்துக்கொண்டான்.

இரண்டாவது முறை விழுந்தபோது தலை கட்டில் காலில் இடித்தது. அதன்பிறகு நான் புரளவில்லை. கட்டை மாதிரி அசையாமல் படுத்துக்கொண்டு, இவனை எந்தத் தோணியில் திருப்பி அனுப்பலாம் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தவன், காலையில் அவன் பொத்தான் போட வந்தபோதுதான் கண்ணைத் திறந்தேன்.

நடந்த நாளில் தூங்கினேன். தூங்கின மறுநாள் நடக்க முடிந்தது. இதில் எது முதலில் வந்தது என்று டாக்டருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பகலில் கட்டில் பக்கம் போனால் சந்தியாகு கட்டிலையே எடுத்து நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிடுவான். ஒருநாள் ஆபீசில் பதினொரு மணிக்கு எனக்குப் பசித்தது. இது என்ன புது நோய் என்று முதலில் பயந்துவிட்டேன்.

5

ஆகஸ்டில் ஊரில் மாதா கோயில் திருவிழா. எங்கள் பக்கத்து ஆள் எந்தத் தேசத்தில் இருந்தாலும் அதற்கு ஊர் போய்விடுவான். தோணி ஓடாவிட்டால் என்ன, கப்பலில் போய் வா, டிக்கெட் நான் எடுக்கிறேன் என்று சந்தியாகுவிடம் சொன்னேன். போகவில்லை என்றான். திருவிழாவன்று கொட்டாஞ்சேனைக் கோயிலில் பூசை முடிந்து வெளியே நின்றோம். அவன் முகம் களையில்லாமல் இருந்தது. இந்நேரம் ஊரில் கொடிமரத்தடியில் யார் யார் நிற்பார்கள் என்று அவன் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

எனக்குத்தான் குணமாகிவிட்டதே, பிடிவாதமாக எதற்கு இருந்தாய் என்று கேட்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"மச்சான், நான் வாரதுக்கு முந்தி, ஆபீசு விட்டு நீரு காலிமுகத்துக் கடக்கரைக்குப் போயி கடலப் பாத்துக்கிட்டே நின்னீராம். அக்கா தேடிக்கிட்டு அங்கன வந்திருக்கு. எல்லாரும் போன பெறவும் நீரு மட்டும் நிக்கீரு. கூப்பிடவும் பயம், விட்டுட்டுப் போவவும் பயம். நீரு திரும்புத வரைக்கும் பின்னாலயே நின்னுட்டு, வேற வழியா வீட்டுக்கு ஓடிவந்து அடுப்பு ஊதுத மாதிரி இருந்திருக்கு. நம்ம ஊர்ல கடலப் பாக்கவன் மீனுக்குப் பாப்பான், தோணிக்குப் பாப்பான். நீரு என்னத்துக்குப் பாத்தீரு?"

அங்கே நின்ற சாயங்காலங்கள் எனக்கு நினைவிருந்தன. எதற்கு நின்றேன் என்று என்னையே நான் கேட்டுக்கொண்டதில்லை. நோய் இருந்த காலத்தில் வராத பயம், தேறிவிட்டேன் என்று நினைத்த பிறகு, கோயில் வாசலில், பட்டப்பகலில் வந்தது.

"கேட்டா கோவப்படுவீருன்னு அக்கா சொல்லிச்சி. கோவப்பட்டா படும்" என்றான் சந்தியாகு.

கோபப்படவில்லை. அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். பிறகு இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம்.

6

தோணிகள் மறுபடியும் ஓடத் தொடங்கியதும் அவன் கிளம்பினான். சங்குக் குளிப்பு வரப் போகிறது, அங்கே குளியாளியான இன்னொரு மச்சான் இவன் கைக்குக் காத்திருந்தார். துறைமுகத்தில், கயிறு வியாபாரி என்று வந்தவர் விற்காத கயிற்றைத் திருப்பி எடுத்துப் போக வேண்டும் என்று காட்டச் சொன்னார்கள். ஒரு சாண் குறைகிறது, அது எங்கே போயிற்று என்று விளக்கம் எழுதித் தரவும் சொன்னார்கள். இங்கிலீஷில் நான்தான் எழுதினேன். தேவரீர் அவர்களே வெட்டி எடுத்துக்கொண்டீர்கள் என்பதை மரியாதையாக எழுத அரைநாள் பிடித்தது.

அவன் போன பிறகும் காலை நடை நடந்தேன். நன்றாகத்தான் இருந்தது. பிறகு அடைமழை பிடித்தது. ஒரு நாள் நடக்கவில்லை, மறுநாளும் நடக்கவில்லை. மழை விட்டது, நான் எழவில்லை. ராத்திரி கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பது திரும்ப வந்தது. ஒருநாள் காலையில் கட்டிலில் உட்கார்ந்து சட்டையைக் கையில் எடுத்தேன். பழையபடி அந்தப் பொத்தான்கள்.

ரோசம்மா அடுப்பில் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். சட்டையைக் கையில் பிடித்தபடியே போய் அவள் பக்கத்தில் நின்றேன். இத்தனை வருஷத்தில் நான் அவளிடம் சொன்னதில் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்த வார்த்தைகள் இவைதான்.

"ரோசம்மா, எனக்குத் திரும்ப வந்துருக்கு. தனியாப் போவ முடியல. கூட வா."

அவள் ஆப்பத்தைச் சட்டியிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். சட்டையை வாங்கி எனக்கு மாட்டிவிட்டாள். கோயிலுக்குத் தவிர வெளியே நடந்து பழக்கமில்லாதவள். மற்ற இடத்துக்கெல்லாம் ரிக்‌ஷாதான். செருப்பு அறுந்து கிடந்தது. அங்குமிங்கும் பார்த்துவிட்டு, வாசலில் இருந்த பிலோமினாவின் பள்ளிக்கூடச் சப்பாத்தில் காலை நுழைத்துக்கொண்டு, பின்பக்கத்தைக் குதிகாலால் மிதித்தபடி என்னோடு இறங்கிவிட்டாள். தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு நாலு அடி பின்னால் வந்தவள், முனை திரும்பியதும் பக்கத்தில் வந்தாள்.

மீன் கடைச் சத்தம் கேட்க ஆரம்பித்தபோது சொன்னாள்:

"அந்த வருசம் பூராவும் நானும் ஒறங்கலங்க. நீங்க புரளுத சத்தம் கேட்டா பயமா இருக்கும். கேக்கலன்னா அதவிடப் பயமா இருக்கும்."

தூக்கமில்லாத கஷ்டத்தைத் துரையிடம் சொன்னேன், டாக்டரிடம் சொன்னேன், ஒரு புத்த பிக்குவிடம்கூடச் சொல்லியிருப்பேன். ஒரே அறையில் எனக்கு மூன்று முழம் தள்ளி இன்னொருத்தி விழித்துக் கிடந்தாள் என்பது எனக்குத் தெரியாது. கேட்டதும் நடுத்தெருவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என்னை அழவிட்டு, முந்தானையைக் கொடுத்து, பிறகு நடக்கச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தபோது சப்பாத்து இல்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாத பிலோமினா, வாசலில் நின்று இரண்டு பேரையும் இங்கிலீஷில் திட்டினாள். ஆப்பம் கரியாகியிருந்தது. நான் ஆபீசுக்கு மணி கடந்துதான் போனேன். என்ன ஆயிற்று என்று துரை கேட்டார், சம்சாரத்தோடு நடக்கப் போனேன் என்றேன்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது வீடு சத்தமில்லாமல் இருந்தது. உலை வைத்துவிட்டு, ரோசம்மா சமையற்கட்டுச் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப் போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்பவா என்று பிலோமினா சைகையில் கேட்டாள். வேண்டாம் என்றேன். சோறு கூழாகக் குழைந்துவிட்டது. நானும் பிலோமினாவும் தட்டுச் சத்தம் வராமல் அதையே சாப்பிட்டோம்.